கிட்டுவை விட்டுப் போன 43 நாட்கள்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை. விடிகாலை ஐந்தரை மணிக்கு ஊரிலிருந்து எதிர்வீட்டு மாமா போன் செய்தார். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், காலை ஊன்ற முடியவில்லை, ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கிறோம், நீ கிளம்பி வாம்மா என்றார். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. தம்பி கனடாவில். சென்னை மடிப்பாக்கத்தில் நானும் என் நாய் கிட்டுவும் மட்டும். மதியத்துக்குள் திருநெல்வேலிக்குப் புறப்பட்டாக வேண்டும். கிட்டுவை என்ன செய்வது என்று யோசிக்க மூன்று மணி நேரம்தான் இருந்தது. அந்த மூன்று மணி நேரத்தில் எடுத்த முடிவால் அவனும் நானும் ஏழு மாதம் பட்டோம். நாயோடு தனியாக இருப்பவர்கள் யாராவது எனக்கு இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதி தவிர்த்திருக்கலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கிட்டு நாட்டு நாய். 2019 டிசம்பர் மழையில் எங்கள் குடியிருப்பின் ஜெனரேட்டர் ஷெட்டுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தவன். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான். மூன்று மாதத்தில் ஊரடங்கு வந்தது. அதன்பிறகு மூன்று வருடத்துக்கும் மேல் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அவன் வளர்ந்தது முழுக்க என் நாற்காலிக்கு அடியில்தான். நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே படுத்திருப்பான். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் படிக்கட்டில் கூடவே வருவான். யார் வந்தாலும் நான் பெருமையாகச் சொல்வது ஒன்றுதான்: "என்னை விட்டு ஒரு நிமிஷம் இருக்கமாட்டான்." இதைச் சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு நிறைவு இருந்ததை மறைக்க விரும்பவில்லை. தனியாக வாழ்கிற ஒருத்திக்கு, உலகத்தில் ஒரு ஜீவனாவது நான் இல்லாமல் முடியாது என்று இருப்பது பெரிய விஷயம். ஆனால் எதைச் சொல்லி நான் பெருமைப்பட்டேனோ, அதுதான் அவனுடைய நோயாக மாறியது. மூன்றரை வயது நாய்க்கு இந்த உலகத்தில் மொத்தமே ஒரு ஆள்தான் என்று நானே ஆக்கி வைத்திருந்தேன்.

அன்று காலை போனில் தேடியதில் முதலில் வந்த நாய்க் காப்பகத்தைப் பிடித்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. புல்தரை, நீச்சல் தொட்டி என்று படங்கள் நன்றாக இருந்தன. ஒரு நாளைக்கு 800 ரூபாய். தடுப்பூசி அட்டையை மட்டும் கேட்டார்கள். நானும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. வாடகைக் காரில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி பதினொன்று. புது இடம் என்றதும் என் முழங்காலுக்குப் பின்னால் ஒட்டி நின்றான். அங்கிருந்த பையன், "மேடம், நான் பிஸ்கட் போடுறேன், நீங்க திரும்பிப் பார்க்காமப் போயிடுங்க, அஞ்சு நிமிஷத்துல மறந்துடும்" என்றான். அவன் சொன்னபடியே செய்தேன். கேட்டைத் தாண்டியதும் உள்ளே ஒரு சத்தம் கேட்டது. குரைப்பு இல்லை, ஊளையும் இல்லை. மூன்றரை வருடத்தில் கிட்டுவிடமிருந்து ஒருமுறைகூட நான் கேட்காத சத்தம். கார்க்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். காப்பகம் என்றாலே மோசம் என்று நான் நினைக்கவில்லை. நல்ல இடங்களும் இருக்கின்றன. ஆனால் அவசரம் வந்த அன்றைக்குத் தேடினால் நல்லது எது, கெட்டது எது என்று பார்க்க முடியாது. அதனால் எந்தத் தேவையும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்ப் பாருங்கள். சொல்லிவிட்டுப் போகாமல் திடீரென்று போங்கள். நாய்கள் ராத்திரி எங்கே படுக்கின்றன என்று காட்டச் சொல்லுங்கள், ராத்திரியில் அங்கே ஆள் தங்குகிறாரா என்று கேளுங்கள். எத்தனை நாய்க்கு ஒரு ஆள், நாய் எத்தனை வேளை சாப்பிடாவிட்டால் உங்களுக்குச் சொல்வார்கள், எந்தக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவார்கள் என்பதையெல்லாம் வாயால் கேட்டு, அப்புறம் மெசேஜிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாய்க்கடி ஊசி மட்டும் போட்டிருந்தால் போதாது. பல நாய்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் இருமல் தொற்று சீக்கிரம் பரவும், அதற்கும் தனித் தடுப்பூசி உண்டு. முதலில் பகல் மட்டும் விடுங்கள். அடுத்த மாதம் ஒரு ராத்திரி. அப்புறம் இரண்டு நாள். போனால் திரும்பி வருவார்கள் என்பது நாய்க்குப் பழகினால்தான் தெரியும். விடும்போது நீங்கள் இரண்டு நாள் உடுத்திய, துவைக்காத துணி ஒன்றைக் கூடவே வையுங்கள். நாய்க்கு மூக்குதான் முதல் கண். நான் கிட்டுவுக்குப் புதிதாகத் துவைத்த போர்வையைக் கொடுத்துவிட்டுப் போனேன். அதில் சோப்பு வாசனையைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்காது.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. அறுவை சிகிச்சை செய்து, பதினோராம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து கதவு வரை நடக்கவே மூன்று வாரம் ஆயிற்று. காப்பகத்திலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு வீடியோ வரும். கிட்டு வாலாட்டுவான், சிவப்புக் கிண்ணத்தில் சாப்பிடுவான், பத்து விநாடியில் முடிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல் பழைய வீடியோக்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்த சுவரில் ஒரு தினசரிக் காலண்டர். முதல் வீடியோவில் தாளில் 16 என்று பெரிதாகத் தெரிந்தது. ஜூன் கடைசியில் வந்ததிலும் 16. முந்தைய நாள், ஜூலை 14 அன்று வந்ததிலும் அதே 16. தாள் கிழிக்க மறந்திருப்பார்களோ என்று கொஞ்ச நேரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், மூன்றிலும் காலண்டருக்குக் கீழே அதே இடத்தில் அதே பச்சைத் துண்டு தொங்கியது.

காலையில் போன் செய்து, இப்போதே வீடியோ காலில் காட்டுங்கள் என்றேன். நெட்வொர்க் இல்லை என்றார்கள். நான் சத்தம் போட்ட பிறகு, "கொஞ்சம் டல்லாத்தான் இருக்கு மேடம், சாப்பாடு கம்மியா எடுக்குது, நீங்க கவலைப்படுவீங்கன்னுதான் சொல்லலை" என்றார்கள். ஆபீஸ் தோழி ஒருத்தியை வேண்டிக் கேட்டு அனுப்பினேன். அவள் போய் வர இரண்டு நாள் ஆயிற்று. அவள் அனுப்பிய படத்தில் கிட்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். விலா எலும்புகளை எண்ணலாம். முன்னங்காலில் ஒரு ரூபாய் அளவுக்கு முடியே இல்லாமல் சதை சிவந்திருந்தது. நக்கி நக்கியே அப்படி ஆக்கிக்கொண்டிருக்கிறான். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுததை அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டிருக்கிறாள். கூப்பிட்டு என்னவென்று விசாரித்தாள். படத்தைக் காட்டினேன். நாயை ஒருநாளும் வீட்டுக்குள் சேர்க்காதவள் என் அம்மா. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏட்டி, இங்கயே கொண்டாந்திருக்கலாம்லா. முத்தத்துல கெடந்துட்டுப் போவுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்றாள்.

கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அம்மாவுக்குப் பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் கேட்கவில்லை. அவர்கள் வீடு ஒரே அறை, மூன்று பேர் இருக்கிறார்கள், எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். ஆனால் கிட்டு என்னை விட்டால் உலகத்தில் பழகியிருந்தது அந்த அக்காவிடம் மட்டும்தான். பின்னால் இதைச் சொன்னபோது, "ஒரு போன் பண்ணியிருக்கலாமே பாப்பா, என் பக்கத்துல படுத்துக்கிட்டு இருந்திருப்பானே" என்று அவர் கண் கலங்கினார். நீச்சல் தொட்டி வைத்த இடத்தைவிட, தெரிந்த மனுஷி ஒருத்தி படுக்கும் பாய்தான் நாய்க்கு மேல் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. உங்கள் நாய்க்கு இரண்டாவதாக ஒரு ஆளை இன்றைக்கே தேடிவையுங்கள். வாரம் ஒருமுறை அவர் கையால் சோறு வைக்கட்டும், அவரோடு நடந்துவிட்டு வரட்டும், மாதம் ஒரு ராத்திரி அவர் வீட்டில் தூங்கட்டும். பணம் கொடுத்துச் செய்தாலும் பரவாயில்லை.

தென்காசியிலிருந்து சித்தியை வரவழைத்து அம்மாவிடம் விட்டுவிட்டு ஜூலை 25 அன்று காப்பகத்துக்குப் போனேன். ஓடி வந்து மேலே விழுவான் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. என் பக்கம் திரும்பினான், காதைப் பின்னால் மடக்கினான், மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து என் புறங்கையை மோந்தான். மணிக்கட்டு, முழங்கை, கழுத்து என்று ஒவ்வொரு இடமாக மோந்துகொண்டே வந்து, கடைசியில் என் அக்குளுக்குள் மூக்கை நுழைத்துவிட்டு உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தான். போகும்போது 21 கிலோ இருந்தவன். அன்று மாலை மருத்துவரின் தராசில் 16.4. 43 நாளுக்கு 34,400 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன்.

உடம்பு தேற ஆறு வாரம் ஆனது. மனம் தேறத்தான் மாதக்கணக்கானது, அதற்கு நான் தயாராக இல்லை. ஆகஸ்டில் வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொன்னார்கள். முதல் நாள் போய்விட்டுத் திரும்பினால் வாசல் கதவின் உள்பக்கம் முழுக்கப் பிராண்டியிருந்தான். நகம் ஒன்று பிய்ந்து ரத்தக் கோடுகள். வாசலில் எச்சில் குளமாக இருந்தது, அதற்குப் பக்கத்திலேயே சிறுநீர். பக்கத்து வீட்டில், "நீங்க லிஃப்டுல இறங்கினதிலிருந்து கத்த ஆரம்பிச்சது, நிறுத்தவே இல்லை" என்றார்கள். நான் அவனைத் திட்டினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். கையை ஓங்கினேன். அவன் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டதைப் பார்த்ததும் என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது. நாய் இப்படிச் செய்வது பழிவாங்க இல்லை, அது பயத்தில் செய்வது, திட்டினால் அந்தப் பயம் இன்னும் ஏறும் என்று மருத்துவர் பிறகுதான் விளக்கினார். பிரிவுப் பதற்றத்துக்கு அடையாளமே இவைதான்: சேதம் பெரும்பாலும் வாசல், ஜன்னல் பக்கமாகவே இருக்கும், நாம் கிளம்பி அரை மணிக்குள் தொடங்கிவிடும், பிடித்த தீனியைக்கூட நாம் வரும்வரை தொடாது. சந்தேகம் இருந்தால் ஒரு கேமரா வையுங்கள். பழைய போன் இருந்தாலும் போதும். நான் 2,200 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன்.

அந்த நாட்களில் ராத்திரி முழுக்க இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். 1998இல் ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள், தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பற்றை அளக்கும் சோதனையையே நாய்க்கும் வளர்ப்பவருக்கும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வளர்ப்பவர் வெளியே போய்த் திரும்பி வரும்போது நாய்கள் கிட்டத்தட்டக் குழந்தைகளைப் போலவே நடந்துகொண்டன. 2019இல் ஸ்வீடனில் நாயின் முடியையும் வளர்ப்பவரின் முடியையும் எடுத்து மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலை அளந்தார்கள். வளர்ப்பவருக்கு அதிகமாக இருந்தால் நாய்க்கும் அதிகம். இதைப் படித்தபோது எனக்குக் கிளம்பும் நேரம்தான் நினைவுக்கு வந்தது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா வந்துடுவேன்டா தங்கம்" என்று அழாத குறையாகக் கொஞ்சிவிட்டுப் போவேன். அவனுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதானே!

சிகிச்சை இப்படிப் போயிற்று. மருத்துவர் ஃப்ளூயாக்ஸிடின் என்ற மாத்திரையை எழுதிக்கொடுத்தார். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், நடுவில் தானாக நிறுத்தக்கூடாது என்றார். (தெரிந்த ஒருவர், மனிதருக்குத் தரும் தூக்க மாத்திரையில் பாதியைச் சோற்றில் கலந்து கொடு என்றார். தயவுசெய்து செய்யாதீர்கள். மாத்திரையும் அளவும் மருத்துவர் சொல்லித்தான்.) மாத்திரை பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பழக்குவதில்தான் இருக்கிறது. சாவிக்கொத்தை எடுப்பேன், வெளியே போகாமல் சோபாவில் உட்கார்ந்துவிடுவேன். செருப்பைப் போடுவேன், அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பேன். ஒரு நாளைக்கு இருபது முறையாவது. சாவிச் சத்தத்துக்கு அவன் தலை தூக்காமல் இருக்கவே ஒன்பது நாள் ஆனது. அப்புறம் கதவுக்கு வெளியே ஐந்து விநாடி, பத்து விநாடி, அரை நிமிடம். அவன் பதறும் முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், இதுதான் முக்கியம். பதறிய பிறகு வந்தால் கத்தினால் வருவாள் என்று ஆகிவிடும், அவசரப்பட்டு நேரத்தைக் கூட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. நான்கு நிமிடத்தைத் தொட மூன்று வாரம். அரை மணி நேரத்தைத் தொட ஏழு வாரம். அதைத் தாண்டிய பிறகு கடகடவென்று ஏறியது. நடுவில் ஒரு நாள்கூட அவனால் தாங்க முடிகிற நேரத்துக்கு மேல் தனியாக விடக்கூடாது என்பதால், ஆபீஸ் நாட்களில் வேலைக்கார அக்காவே வந்து கூட இருந்தார். மாதம் 5,000 என்று மூன்று மாதம் கொடுத்தேன். கிளம்பும்போதும் வரும்போதும் கொஞ்சுவதை நிறுத்தினேன். தயிர்சாதத்தை ரப்பர் பொம்மைக்குள் அடைத்து ஃப்ரீசரில் உறைய வைத்து, கிளம்பும்போது கொடுப்பேன். அக்டோபர் கடைசியில் ஒருநாள் ஆபீசிலிருந்து கேமராவைத் திறந்தபோது, அக்கா அடுப்படியில் இருக்க, அவன் ஹாலில் தனியாக உட்கார்ந்து அந்தப் பொம்மையை நக்கிக்கொண்டிருந்தான். மீட்டிங் நடுவே எழுந்து வெளியே போய்விட்டேன்.

செலவு: காப்பகத்துக்கு 34,400, முதல் பரிசோதனைக்கு 3,800, கால் புண்ணுக்கு 9,000, பயிற்சியாளருக்கு 6,000, மாத்திரைக்கு 4,500, கதவு மாற்ற 7,500, கேமராவும் அக்காவின் சம்பளமும் சேர்த்து 17,200. மொத்தம் 82,400 ரூபாய். சம்பளமில்லா விடுப்பு 18 நாள் தனி. நடுவில் குடியிருப்புச் சங்கத்திலிருந்து நாயை அப்புறப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. குரைக்கிறது என்பதற்காக வளர்ப்பு நாயை வெளியேற்றச் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அதைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கூடவே பக்கத்து வீடுகளுக்கு நேரில் போய், என்ன சிகிச்சை நடக்கிறது, எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்று சொன்னேன். சட்டத்தைவிட அதுதான் வேலை செய்தது. நாய்க்குப் போய் இவ்வளவா என்று கேட்டவர்களும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. மாடு பிடிக்க வந்த கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் உருவத்தையும், இறந்துபோன வீரனோடு சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டிலேயே நாய்க்குப் போய் இவ்வளவு செய்தவர்கள் நம் ஆட்கள்.

2024 பொங்கலுக்கு அவனையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரயிலில் நாயைக் கூட வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பு ஏசியில் இரண்டு படுக்கை உள்ள கூப்பேயோ நான்கு படுக்கை உள்ள கேபினோ முழுவதும் நம்முடையதாக இருக்க வேண்டும். நான் இரண்டு டிக்கெட் எடுத்து, கூப்பே ஒதுக்கக் கோரி மனு கொடுத்தேன். சார்ட் தயாராகும்வரை கிடைக்குமா என்பது உறுதியில்லை, அதனால் மாற்று ஏற்பாடும் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று, அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு முன்கூட்டியே பார்சல் ஆபீசுக்குப் போய் எடை போட்டுப் பணம் கட்ட வேண்டும். கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டில் தனியாகப் போட்டு அனுப்பவும் வழி இருக்கிறது. பிரிவில் பயந்த நாய்க்கு அது வேண்டவே வேண்டாம். கிட்டு ராத்திரி முழுக்க என் கால்மாட்டில் தூங்கினான். அப்போது அவன் எடை 20.5.

முதல் இரண்டு நாள் அம்மா அவனை முற்றத்தோடு நிறுத்தி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் நான் சாமான் வாங்கப் பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன். பொங்கல் கூட்டம், திரும்ப நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அவன் என்ன ஆனானோ என்று வயிற்றைக் கலக்க, ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடினேன். அம்மா முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாக்கர். அதன் கீழ்க்கம்பியில் தாடையை வைத்துப் படுத்திருந்தான் கிட்டு. என்னைப் பார்த்ததும் வாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். நான் பையைக் கீழே வைக்கப் போனேன். அம்மா நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மெதுவா வைட்டி. இப்பந்தான் கண்ணசந்தான்."